இரண்டு மாடி ஏறுவாரா?

மாமா விழுந்தது ஓர் அடி உயரத்திலிருந்து.

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பன்னிரண்டு மாடிக் குழிக்கு மேல் ஒற்றைப் பலகையில் நின்றுகொண்டு விசிலடித்தவர். எண்பத்தொன்றாவது வயதில் வீட்டு அழைப்பு மணி அடிக்கவில்லை என்று ஸ்டூல் போட்டு ஏறினார். இறங்கும்போது கால் தவறியது. இடது இடுப்பு முறிந்தது. மணி சரியாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. அவள் இறந்து பதினான்கு மாதம். அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. அவள் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அது தெரிந்த இன்னொரு ஆள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவசரப் பிரிவில் முதலில் வந்து பார்த்தவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். சின்னப் பெண். மாமாவின் காது மெஷின் பக்கமாகக் குனிந்து பேசினார்.

"ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய். நீங்க டாக்டரா? என்னைவிடக் களைச்சுப் போயிருக்கீங்க."

"பசங்க எத்தனை பேர்?"

"ஒரே பொண்ணு. பாப்பா. போயிட்டா. பதினாலு மாசமாச்சு."

அவர் அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, கணக்கு சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

டாக்டர் என்னைத் தள்ளி அழைத்துப் போனார்.

"புத்தி தெளிவா இருக்கு. இதைத்தான் நீங்க காப்பாத்தணும். இடுப்பை நாங்க பாத்துக்குவோம். வயசான மூளைக்குக் கையிருப்பு கம்மி. வலி, பட்டினி, தண்ணியில்லாம காயறது, புது இடம்… ஒண்ணொண்ணா வந்தா தாங்கும். சேர்ந்து வந்தா குழம்பிடும். அதுக்கு மேல மயக்க மருந்தும் போனா, முழிக்கும்போது எதை விட்டுட்டு முழிப்பார்னு சொல்ல முடியாது."

"என்ன செய்யணும்?"

"ரெண்டு நாளைக்குள்ள ஆபரேஷன் முடியணும். கண்ணாடி, காது மெஷினைக் கழட்ட விடாதீங்க. ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் தண்ணி குடிக்கலாம். பட்டினி போட விடாதீங்க."

"நீங்க எப்ப பண்ணுவீங்க?"

"தகுதிச் சீட்டு எல்லாம் வந்ததும். அதுவரைக்கும் நான் அவரைப் பார்க்கக் கூடாது. இப்பப் பார்த்ததே தப்பு. வேற ஒருத்தரைத் தேடி வந்தேன்."

நான்காவது மாடிக்கு லிஃப்டில் போனோம். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பிரேக் தேஞ்சு போச்சு மாப்ளே. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இழுக்குது பாரு. ஒரு நாள் அந்தரத்துல நிக்கும். யார்கிட்டயாவது சொல்லு."

லிஃப்ட்காரரிடம் சொன்னேன். புகார்ப் பெட்டி ஐந்தாவது மாடியில் இருப்பதாகவும், இந்த லிஃப்ட் நான்கு வரைதான் போகும் என்றும் சொன்னார்.

நான்காவது மாடியில் இருப்பது முதியோர் மயக்கத் தகுதி மையம். வாசலில் கண்ணாடிக் கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு கேடயம். சிறந்த முதியோர் விழிப்புணர்வுச் சுவரொட்டிக்காகக் கிடைத்தது. அந்தச் சுவரொட்டி வார்டுக்குள் ஓர் இரும்பு அலமாரிக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. 'முதியவரின் கண்ணாடியைக் கழற்றாதீர். காதுக் கருவியைக் கழற்றாதீர். அவரிடம் பேசிக்கொண்டே இருங்கள்.' வார்டு சிஸ்டர் மாமாவின் கண்ணாடியையும் காது மெஷினையும் பல் செட்டையும் கழற்றி ஒரு பையில் போட்டு, அந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"சிஸ்டர், மேல எழுதியிருக்கே…"

"அது நலக் கமிட்டி எழுதினது சார். போன வருஷம் ஒருத்தரோட பல் செட் தொலைஞ்சு போச்சு. அதுல இருந்து பாதுகாப்புக் கமிட்டி எல்லாத்தையும் கழட்டிப் பூட்டச் சொல்லிடுச்சு."

"ரெண்டும் முரணா இருக்கே."

"ரெண்டு கமிட்டிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது சார்."

பையை வாங்க வேண்டுமென்றால் முதல் உறவினரின் கையெழுத்து வேண்டும். கீழ்த்தளத்தில் பதிவுக் கவுண்டருக்குப் போனேன். நான்கு வருடம் முன்பு மாமாவுக்கு அங்கேதான் கண் புரை எடுத்தார்கள். பதிவு இருந்தது. முதல் உறவினர், மகள்.

"அவங்களை வரச் சொல்லுங்க," என்றார் எழுத்தர்.

"இறந்துட்டாங்க."

"எப்ப?"

"பதினாலு மாசம்."

"எங்களுக்கு நீங்க தெரிவிக்கவே இல்லையே."

மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க யாரு?"

"மருமகன்."

"மகள் வழியாவா?"

"ஆமா."

எழுத்தர் பட்டியலில் விரலை ஓட்டினார். நல்ல மனிதர்தான், இரண்டு தடவை ஓட்டினார். "மகள் இல்லைன்னா அப்புறம் வழி இல்லையே சார்," என்றார். பதிவை மாற்ற ஒரு படிவம் கொடுத்தார். நோயாளியே படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். படித்தார் என்று சிஸ்டர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"படிக்கிறதுக்குக் கண்ணாடி வேணும். கண்ணாடி அலமாரியில இருக்கு."

"அலமாரி எங்க பிரிவு இல்ல சார்."

அன்று மாலை என் மனைவியின் கைபேசி அதிர்ந்தது. அதை நான் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். காரணம் எதுவும் இல்லை. 'மதிப்புக்குரிய மகள் அவர்களுக்கு, உங்கள் தந்தைக்கு நாளை அறுவை சிகிச்சை நடைபெறக்கூடும். இன்றிரவு பன்னிரண்டு மணி முதல் உணவும் நீரும் தர வேண்டாம்.'

நடைபெறக்கூடும் என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை.

புதன்கிழமை மாமா காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல் கிடந்தார். பதினோரு மணிக்கு மையத்தின் இயக்குநர் வந்தார். பின்னால் எட்டுப் பேர். அவர் கட்டிலுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார். எட்டுப் பேரும் எழுதிக்கொண்டார்கள்.

"முதுமைங்கிறது நோய் இல்ல. அது ஒரு தொடர் ராஜினாமா. இதயம் வேகத்தைக் குறைச்சிக்குது. நுரையீரல் விறைச்சுப் போகுது. சிறுநீரகம் அரை நாள் வேலைதான் பாக்குது. கல்லீரல் மருந்தை வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இளவயசுக்காரனுக்குக் கொடுக்கிற அளவு மருந்தை இவருக்குக் கொடுத்தா போன மருந்து திரும்ப வராது. அதனாலதான் உலகத்துல வேற எங்கயும் இல்லாத மாதிரி, ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனித் தகுதிச் சீட்டு வச்சிருக்கோம். இதயத்துக்கு மூணு நாள் செல்லும். நுரையீரலுக்கு ரெண்டு நாள். மூளைக்கு ஒரே நாள். ஏன்னா முதியவர் உடம்பு ரொம்பச் சீக்கிரம் மாறிடும்."

"சீக்கிரம் மாறிடும்னா சீக்கிரம் பண்ணிடலாமே சார்," என்றேன்.

இயக்குநர் முதல் முறையாகக் கீழே பார்த்தார்.

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. அது புரியுது. முதியோர் பராமரிப்புல அவசரம்தான் முதல் எதிரி."

"முழு ஆளா அவரை யார் பார்ப்பாங்க சார்?"

எட்டுப் பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள். இயக்குநர் சற்று யோசித்தார். "முழு ஆளுக்கு நம்மகிட்ட பிரிவு இல்ல," என்றார். எட்டுப் பேரும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் மாமா கேட்டார். காது மெஷின் இல்லாததால் அவர் கேட்டது வார்டு முழுவதற்கும் கேட்டது.

"யாரு மாப்ளே அது? லிஃப்ட் இன்ஸ்பெக்டரா?"

நான்கு மணிக்கு அன்றைய அறுவை சிகிச்சை ரத்து என்று சொன்னார்கள். அதற்குள் சாப்பாட்டு வண்டி போய்விட்டது. மறுபடி ஏழு மணிக்குத்தான் வந்தது. பல் செட் இல்லாமல் ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டார். மாலையில் கைபேசி அதிர்ந்திருந்தது. பன்னிரண்டு மணி முதல் உணவும் நீரும் தர வேண்டாம்.

வியாழக்கிழமை இதயப் பிரிவு. படிவத்தின் ஆறாவது கேள்வி: 'நிற்காமல் இரண்டு மாடி ஏறுவாரா?'

இது நியாயமான கேள்வி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டு மாடி ஏறுகிற இதயம் அறுவை சிகிச்சையைத் தாங்கும். ஆனால் பரிசோதகர் அதைக் கேள்வியாகக் கேட்பதில்லை. கேட்டால் முதியவர்கள் வீம்புக்கு ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்களாம். ஆகவே ஏற்றிப் பார்ப்பார். கையில் நிறுத்தக் கடிகாரத்துடன் நின்றார்.

"இடுப்பு உடைஞ்சிருக்கு சார்," என்றேன்.

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றாங்க."

மாமாவுக்கு நான் கையால் படியேறுவதுபோல் காட்டினேன். அவர் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "நான் படி ஏறினா என் பொழைப்பு என்னாகுறது? ஊரெல்லாம் லிஃப்ட்ல போகணும்னுதானே நான் சம்பளம் வாங்கினேன்!"

ஆறாவது கேள்வி காலியாக இருந்தால் சீட்டு வராது. பரிசோதகர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நோயாளியால் இயலாத செயல்களைப் பராமரிப்பவர் செய்யலாம் என்று இருந்தது. அது பல் துலக்குவது, தலை வாருவது பற்றிய பக்கம். ஆனால் எந்தச் செயல் என்று எழுதியிருக்கவில்லை.

"நீங்க ஏறுங்க," என்றார்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். மறுத்திருக்கலாம். எனக்குச் சீட்டு வேண்டியிருந்தது. டாக்டர் சொன்ன இரண்டு நாள் அன்று காலையோடு முடிந்திருந்தது. ஏறினேன். இரண்டாவது மாடியிலிருந்து நான்காவது மாடிக்கு, நிற்காமல். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணி, மாமாவின் பெயருக்கு நேரே எழுதினார்.

அரை மணி நேரத்தில் இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எண்பத்தோரு வயசுல என்ன ஒரு இதயம்! முப்பத்திரண்டு வயசுக்காரனுக்குக்கூட இப்படி இருக்காது."

எனக்கு முப்பத்திரண்டுதான்.

"இவ்வளவு நல்ல இதயம் இருக்கிறவர் தாராளமா காத்திருக்கலாம். பலவீனமானவங்களுக்கு முன்னுரிமைங்கிறது நம்ம கொள்கை," என்று மாமாவை வரிசையில் மூன்றாவது இடத்திலிருந்து பத்தொன்பதாவது இடத்துக்கு நகர்த்தினார்.

"சார், அது என் நாடி."

"அப்படின்னா அது பொய்ப் பதிவு ஆயிடும். பொய்ப் பதிவுன்னா கோப்பை முதல்ல இருந்து திறக்கணும். திறக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை மூளைப் பிரிவு. ஞாபகப் பரிசோதகர் ஓர் அம்மா. இனிமையானவர். முதியோரிடம் தாழ்ந்த குரலில் பேச வேண்டும் என்று பயிற்சி பெற்றவர். தாழ்ந்த குரலில் முப்பது கேள்வி கேட்டார். மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இன்று என்ன தேதி? தலையாட்டினார். இதைப் படித்து அதன்படி செய்யுங்கள் என்று ஓர் அட்டையைக் காட்டினார்கள். அட்டையை வாங்கி விசிறிக்கொண்டார். தினமும் மது அருந்துவீர்களா? தலையாட்டினார். இன்று தண்ணீர் குடித்தீர்களா? தலையாட்டினார். கர்ப்பமாக இருக்கிறீர்களா என்பது எல்லோருக்கும் பொதுவான கேள்வி. அதற்கும் தலையாட்டினார்.

"அதை மட்டும் விட்டுடறேன்," என்றார் அந்த அம்மா என்னிடம் ரகசியமாக.

"காது மெஷினைப் போட்டுட்டுக் கேளுங்கம்மா. அவருக்கு எல்லாம் தெரியும்."

"கருவி போட்டா அது கருவியோட ஞாபகம். நாங்க அவரோட ஞாபகத்தைத்தான் பாக்கணும்."

முப்பதுக்கு நான்கு. கடும் மறதி, மது, உத்தரவை மீறித் தண்ணீர். அன்றைய அறுவை சிகிச்சை ரத்து. நரம்பு நிபுணர் பார்க்க வேண்டும். நரம்பு நிபுணர் திங்கட்கிழமை வருவார். திங்கட்கிழமை என்றால் இதயச் சீட்டு ஞாயிற்றுக்கிழமையோடு செத்துப் போகும். நுரையீரல் சீட்டுக்கு உட்கார்ந்து ஊத வேண்டும். உட்காரக் கூடாது என்று எலும்புப் பிரிவு எழுதியிருந்தது.

சனி, ஞாயிறு உறுப்புகளுக்கு விடுமுறை. ஆனால் கைபேசிச் செய்தி விடுமுறை எடுக்கவில்லை. சிஸ்டருக்கும் அதே செய்தி போய்க்கொண்டிருந்தது. நடைபெறாத அறுவை சிகிச்சைக்காக மாமா இரண்டு நாளும் பட்டினி கிடந்தார். நாக்கு மரத்தூள் மாதிரி காய்ந்திருந்தது. சனிக்கிழமை மதியம் நான் ஒரு கரண்டியில் தண்ணீர் எடுத்தேன். சிஸ்டர் வருவதைப் பார்த்துக் கையை இழுத்தேன்.

சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நான் சுவரொட்டியைப் படிச்சிட்டு இருக்கேன் சார். மூணு நிமிஷம் ஆகும்," என்றார்.

மூன்று நிமிடத்தில் எவ்வளவு கொடுக்க முடியுமோ கொடுத்தேன். போதவில்லை. சாயங்காலம் மாமா மேற்கூரையைக் காட்டி, "கம்பி அறுந்து தொங்குது, கீழ யாரும் நிக்காதீங்க," என்று கத்தினார். என்னிடம் ஸ்பேனர் கேட்டார். இல்லை என்று கையை விரித்ததும், புது ஆளா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருந்தார். போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா சாப்டுச்சா?"

வார்டில் இருபது கட்டில். காது மெஷின் இல்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். பதினான்கு மாதத்தில் நான் மெதுவாகக்கூடச் சொல்லாத ஒன்று அது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி," என்றார். நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை கட்டடமே பரபரத்தது. தரச் சான்று வழங்கும் ஆய்வுக் குழு மறுநாளுக்குப் பதிலாக அன்றே வருகிறதாம். ஐந்து நாளுக்கு மேல் காத்திருக்கும் நோயாளி ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பது தர விதி. இயக்குநரின் எட்டுப் பேரும் ரப்பர் முத்திரையும் கையுமாக வார்டுக்குள் ஓடி வந்தார்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை. மாமாவின் உறுப்புகள் அனைத்தும் பதினொரு நிமிடத்தில் தகுதி பெற்றன. முதல் உறவினர் கையெழுத்து என்ற இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"நான் மருமகன்."

"மகளுக்காகன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க சார், நேரமில்ல!"

மகளுக்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அறுவை அரங்கின் வாசலில் அந்தச் சின்ன டாக்டர் நின்றிருந்தார். மாமாவைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். இதயப் பக்கத்தில் அவர் கண் நின்றது.

"இது யாரோட நாடி?"

"என்னுது."

அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மாமாவின் கையைப் பிடித்துத் தானே எண்ணினார். நிறைய நேரம் எண்ணினார். "இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக ஊசி போடறேன். எல்லா மருந்தும் பாதி அளவுதான். மெதுவாத்தான் கொடுப்பேன்," என்றார். அது எனக்குச் சொன்னதா, மாமாவுக்கா, தெரியவில்லை. "செவ்வாய்க்கிழமை பேசின ஆளா இவர்?" என்று கேட்டார்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆய்வுக் குழு மையத்துக்குத் தரச் சான்று கொடுத்தது.

புதன்கிழமை பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன். காது மெஷினைப் பொருத்தினேன். மாமா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அறையைப் பார்த்தார். என்னைப் பார்த்ததும், "மாப்ளே, ஏன் தாடி?" என்றார். அந்தத் தாடிக்குப் பதினான்கு மாதம்.

ஞாபகப் பரிசோதகர் அம்மா வந்தார். வீட்டுக்கு அனுப்ப மறுபடி ஒரு சோதனை. இந்தத் தடவை மாமாவுக்கு எல்லாம் கேட்டது. கிழமை சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தார். அட்டையைப் படித்து அதில் சொன்னபடி கண்ணை மூடித் திறந்தார்.

"பிள்ளைங்க எத்தனை பேர் ஐயா?"

"ஒரே பொண்ணு."

"எங்க இருக்காங்க?"

"வீட்லதான். வந்துட்டே இருப்பா."

அந்த அம்மா சரி என்று குறித்தார். விடைத்தாளில் எண்ணிக்கைக்கு மட்டும்தான் இடம் இருந்தது. முப்பதுக்கு இருபத்தெட்டு. "பாத்தீங்களா சார்! மயக்க மருந்து கொடுத்ததுக்கப்புறம் ஞாபகம் எவ்வளவு கூடியிருக்கு! இதை எங்க ஆண்டு மலர்ல போடலாம்," என்றார். கவனித்துக்கொள்பவர் என்ற கட்டத்தில் மகள் என்று எழுதிக்கொண்டு போனார்.

வராந்தாவில் சின்ன டாக்டரைப் பிடித்தேன்.

"சிலருக்கு ஒரு வாரத்துல தெளிஞ்சிடும். சிலருக்கு மாசக்கணக்கா ஆகும். சிலருக்கு அப்படியே தங்கிடும்."

"இவருக்கு?"

"முதல் ரெண்டு நாள்ல செஞ்சிருந்தா தைரியமா ஏதாவது சொல்லியிருப்பேன். பொண்ணைப் பத்திக் கேட்டா சண்டை போடாதீங்க. அவர் தாங்குற நேரமாப் பாத்து மெதுவாச் சொல்லுங்க. இப்பதான் காது கேக்குதே."

திரும்பி வந்தேன். மாமா தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். முகம் கவலையாக இருந்தது.

"லிஃப்ட் இழுக்குது மாப்ளே. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. நான் அன்னிக்கே சொன்னேன். பாப்பா அதுல வந்து மாட்டிக்கப் போகுது. அதுக்கு இருட்டுன்னாலே பயம். நீ கீழ போய்ப் படியில வரச் சொல்லு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். காது மெஷினில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இனிக் கத்த வேண்டியதில்லை. மாமா என்று கூப்பிட்டேன்.

"சீக்கிரம் போப்பா," என்றார்.

போனேன். அதே படிகள். இரண்டு மாடி இறங்கி நின்றேன். அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. சட்டைப் பையில் அவள் கைபேசி அதிர்ந்தது. 'மதிப்புக்குரிய மகள் அவர்களுக்கு, வாழ்த்துகள். உங்கள் தந்தை எல்லா வகையிலும் தகுதி பெற்று வீடு திரும்புகிறார். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?'

கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன். இந்தத் தடவை மூன்றாவது மாடியில் நிற்க வேண்டியிருந்தது.

மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"படியிலயே வர்றேன்னு சொன்னா."

மாமா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப நேரமாகும்," என்றார்.

"ஆகும் மாமா," என்றேன்.